பி.டி. பருத்தியில் எடுத்த விதையைத் திரும்பப் போடலாமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் மானாவாரிப் பருத்தி போடுகிறேன். கடையில் வாங்கும் பி.டி. விதையைச் சிலர் ஹைப்ரிட் என்கிறார்கள், சிலர் மரபணு மாற்றியது என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? போன வருஷக் காட்டில் எடுத்த விதையையே போடலாமா? பி.டி. போட்டும் புழு வந்தது ஏன்?

பதில்: அந்த விதையைப் போடாதீர்கள். விதைக்காசு மிச்சமாகும், ஆனால் அதைவிட அதிகமாக மகசூலில் போய்விடும்.

உங்கள் பாக்கெட்டில் இரண்டு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. ஹைப்ரிட், அதாவது வீரிய ஒட்டு, இரண்டு பெற்றோர் ரகங்களுக்குள் மகரந்தம் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை. 1970-ல் சூரத்தில் பருத்தி விஞ்ஞானி சி.டி. பட்டேல் கொடுத்த எச்-4 என்ற பருத்தி அப்படி வந்ததுதான். அதில் மரபணு மாற்றம் எதுவும் கிடையாது.

பி.டி. என்பது வேறு. காய்ப்புழுவின் குடலைத் தாக்கும் புரதத்துக்கான மரபணு, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற மண் பாக்டீரியாவில் இருக்கிறது. பருத்தியைப் பருத்தியோடு எத்தனை தலைமுறை ஒட்டுச் சேர்த்தாலும் அது கிடைக்காது. அதனால் கோக்கர் 312 என்ற அமெரிக்க ரகத்துக்குள் ஆய்வகத்தில் அதை நுழைத்தார்கள். அப்புறம் அங்கிருந்து நம் ஊர்ப் பெற்றோர் ரகங்களுக்கு அதைக் கொண்டுவந்தது பழைய முறைதான்: ஒட்டுச் சேர்த்து, தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்பச் சேர்ப்பது. 2002-ல் இந்தியா அனுமதித்த முதல் மூன்று பி.டி. பருத்திகளும் ஹைப்ரிட்களே. இரண்டு முறைகளையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விதை வாங்கும்போது இது ரொம்ப முக்கியம். அந்த மரபணு காய்ப்புழுவுக்கு மட்டும்தான் காவல். வயது, இழை நீளம், வறட்சி தாங்குவது, காய் எடை எல்லாம் பெற்றோர் ரகங்கள் கொடுத்தவை. தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளைப் பி.டி. தொடவே தொடாது. இலையில் ரோமம் அதிகமுள்ள ரகம் தத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும். ஆகவே மானாவாரிக்கு வயது குறைந்த, ரோமமுள்ள இலை கொண்ட ஹைப்ரிட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்து வைத்த விதைக்கு வருவோம். அது இரண்டாம் தலைமுறை. பெற்றோர் குணங்கள் பிரிந்து, ஒரு செடி நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்திக் காய்க்கும், ஒன்று பிந்தும். ஒரு பெற்றோர் வழியாக மட்டும் வந்த மரபணு, சுமார் நான்கில் ஒரு செடிக்குப் போகவே போகாது.

புழு வந்ததற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பச்சைக் காய்ப்புழுவைப் பி.டி. நன்றாகவே அடக்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்தியை விட்டால் பெரும்பாலும் வேறு பயிருக்குப் போகாது. வருஷம் முழுக்க பி.டி.யையே தின்று எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. குஜராத்தில் முதல் மரபணுவுக்கு எதிர்ப்பு 2010-லேயே வெளியே தெரிந்தது. 2006-ல் வந்த இரண்டு மரபணு பி.டி.யையும் பிறகு அது மீறிவிட்டது. எதிர்ப்பில்லாத புழுவும் பிழைத்துக் கலக்கட்டும் என்று, ஓரத்தில் போடச் சொல்லித் தனியாகக் கொடுத்த பி.டி. அல்லாத விதையைப் பலர் போடாமல் விட்டதும் ஒரு காரணம்.

இனி இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வைத்துப் பாருங்கள். ஒரு பொறியில் தினம் எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்தடிக்க நேரம் வந்துவிட்டது. ரோஜா மொட்டு மாதிரி இதழ் விரியாமல் முறுக்கிக்கொண்ட பூவைப் பறித்து அழியுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை, அதாவது காய்ந்த செடித் தண்டை, காட்டில் நிறுத்தாதீர்கள், வீட்டோரம் அடுக்கி வைக்கவும் வேண்டாம். புழு அதில் மிஞ்சிய காய்களுக்குள்தான் தங்கும்.

சொந்த விதை வேண்டும் என்றால் ஹைப்ரிட்டை விட்டு ரகத்துக்கு வாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 17 நெருக்கி விதைக்க ஏற்றது, மரபணு மாற்றாதது, விதை எடுத்து வைக்கலாம். ஆனால் அதில் பி.டி. காவல் கிடையாது, எல்லாக் காய்ப்புழுவுக்கும் நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கேட்டு, இந்தப் பருவம் கோ 17-ஐ அரை ஏக்கரில் மட்டும் போட்டுப் பாருங்கள். களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி என்று பில் இல்லாமல் யாராவது விதை கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை, முளைக்காவிட்டால் கேட்கவும் ஆளிருக்காது.