எம்பிக்கு மனு போட்டா ஏதாச்சும் நடக்குமா? கேட்டவங்களுக்கு என் பதில்

மனு, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்), கிராம சபைன்னு பல வருஷமா அலைஞ்சுட்டு இருக்கேன், அதுல தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணா, எங்க தெருவுக்கு ரோடு வேணும்னு எம்பிகிட்ட மூணு தடவ மனு குடுத்தாச்சு, பதிலே இல்ல.

பதில்: தம்பி, அது முதல்ல ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத்துறை ரோடான்னு பாருங்க, அந்த ஆபீஸ்லதான் கேக்கணும். எம்பிக்கு வருஷம் 5 கோடி தொகுதி நிதிதான், அதையும் ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரிக்கணும். அவரால உருப்படியா செய்ய முடியுறது சபையில கேள்வி கேக்குறது. உங்க ஊர் ரயில்வே மேம்பாலம் பாதியில நிக்குதுன்னு வைங்க, எப்ப அனுமதி ஆச்சு, எவ்ளோ ஒதுக்குனாங்க, ஏன் நிக்குதுன்னு நீங்களே கேள்வியா எழுதி, கூட்டத்தொடர் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவர் ஆபீஸ்ல குடுத்துடுங்க. மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் வாயால பதில் சொல்றது), 230 நட்சத்திரம் இல்லாத கேள்வி (எழுத்துல பதில் வர்றது) எடுப்பாங்க. அமைச்சர் சபையில குடுக்குற பதில், பின்னாடி நீங்க எந்த ஆபீஸுக்குப் போனாலும் கையில வச்சு பேசலாம்.

கேள்வி: கிராம சபை தீர்மானத்த யாரு மதிக்கிறா சார்?

பதில்: மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டிய பாருங்க. 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சுருச்சுன்னு செய்தி வந்ததும் ஊர் ஊரா தீர்மானம் போட்டாங்க, டிசம்பர் 9 சட்டமன்றத்துலயும் தீர்மானம் வந்துச்சு, 2025 ஜனவரி 7 நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்குல நடந்தே போனாங்க, ஜனவரி 23 மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணிடுச்சு. தீர்மானம் மட்டும் இதெல்லாம் செஞ்சுடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஊரே வேணாம்னு சொல்லுதுங்கறதுக்கு எழுத்துல ஆதாரமா நின்னது அதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் போங்க. ஒரு முக்கியமான விஷயம், தீர்மானம் எழுதாத நோட்டுல கையெழுத்து போடாதீங்க. நான் போன ஒரு ஊர்ல முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டு, பேசாத விஷயத்தயெல்லாம் அப்புறமா எழுதிட்டாங்க. அன்னைக்கு வயிறு எரிஞ்சுது.

கேள்வி: புதுச் சட்டம் போடும்போது நம்மகிட்ட யாராவது கேக்குறாங்களா?

பதில்: கேக்கணும்மா. வரைவ குறைஞ்சது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு 2014லயே மத்திய அரசு கொள்கை வகுத்துச்சு, ஆனா அது சட்டம் இல்ல, பல தடவ கண்டுக்கறதில்ல. அதுக்காக விட்டுடாதீங்க. 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு (ஒரு திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும்னு பாக்குற விதிகள்) வந்தப்ப, அரசியலமைப்புச் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்குற 22 மொழியிலயும் மொழிபெயர்க்கணும், ஆகஸ்ட் 11 வரைக்கும் கருத்து சொல்லலாம்னு டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லுச்சு, லட்சக்கணக்குல ஆட்சேபம் போச்சு. அந்த வரைவு அப்படியே இறுதி அறிவிக்கையா வரவே இல்ல. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு (எம்பிக்கள் உக்காந்து அலசுற குழு) போனாலும் கருத்து கேட்டு பேப்பர்ல விளம்பரம் வரும், டைம் ரொம்ப கம்மியா குடுப்பாங்க, பாத்த அன்னைக்கே உக்காந்து எழுதிடுங்க. எத்தனாவது பிரிவு, என்ன மாத்தணும், மாத்தலன்னா உங்க தொழிலுக்கு என்ன ஆகும், இத ரெண்டு பக்கத்துல எழுதுனா போதும்.

கேள்வி: ஆன்லைன்ல கையெழுத்து வாங்குனா பார்லிமெண்ட் எடுத்துக்குமா?

பதில்: எடுத்துக்காது. மக்களவைக்கு மனுன்னா அதுக்குன்னு ஒரு வடிவம் இருக்கு, ஒரு எம்பி மேலொப்பம் போட்டு சபையில வைக்கணும், அப்புறம் மனுக்கள் குழு பாக்கும்.

கேள்வி: ஆர்டிஐ போட்டு ரெண்டு மாசம் ஆச்சு அண்ணா, பதில் இல்ல.

பதில்: 30 நாள்ல பதில் வரலன்னாலே அதே ஆபீஸ் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதணும், அதுக்கு 30 நாள்தான் டைம், உங்களுக்கு ரெண்டு மாசம் ஆயிட்டதால அந்த டைம் முடியுற நேரம்மா, உடனே போடுங்க. தாண்டிப் போனாலும் காரணம் சொல்லி போடுங்க. 1996ல ராஜஸ்தான் பியாவர்ல கூலி வேலை செய்யுறவங்க 40 நாள் ரோட்டுல உக்காந்து கணக்க காட்டுன்னு கேட்டாங்களே, அந்த மாதிரி போராட்டத்துலதான் 2005ல இந்தச் சட்டமே வந்துச்சு. ஸ்பீட் போஸ்ட்லயே அனுப்புங்க, ரசீத பத்திரமா வச்சுக்குங்க.