பொன்னாடையும் சாதனைப் பலகையும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் நான் படித்த தனியார் பள்ளியில், விளையாட்டில் சிறந்து விளங்கிய முன்னாள் மாணவர்களுக்கு விழா எடுக்கிறோம். மாநில, தேசியப் பதக்கம் வாங்கியவர்களை மட்டும் அழைக்கலாம் என்கிறது குழு. என் தோழி 800 மீட்டரில் எங்கள் பள்ளியில் எவருக்கும் பிடிபடாமல் ஓடியவள். மாவட்டப் போட்டியோடு நின்றுபோனாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் திருமணம். அவள் பெயரைச் சொன்னால், "அப்படியானால் எல்லோரையும் கூப்பிட வேண்டியதுதான்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

காட்பாடி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லோரையும் மேடையேற்றினால் வென்றவருக்கு மதிப்பில்லை. குழு சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் பதக்கத்தை மட்டும் அளவுகோலாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நம் வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ்குமார் சிவலிங்கத்தை எண்ணிப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி, 77 கிலோ பிரிவு. ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் ஸ்னாட்சில் 149, தோளில் நிறுத்திப் பிறகு மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018இல் கோல்ட் கோஸ்டில் தொடைக் காயத்தோடு 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர்தான். தங்கம் அவர்கள் வீட்டில் இருக்கும். 328 என்ற எண்ணோ, வேலூரில் இன்று கம்பியைப் பிடிக்கிற எந்தப் பையனுக்கும் சொந்தம். நான் எத்தனை கிலோ பின்தங்கியிருக்கிறேன் என்று அவன் கணக்குப் பார்க்கலாம்.

ஆகவே பொன்னாடையோடு ஒரு சாதனைப் பலகையும் வையுங்கள். போட்டியின் பெயர், மாணவர் பெயர், ஆண்டு, எடுத்த நேரம் அல்லது தாண்டிய தூரம். நூறு மீட்டரிலிருந்து குண்டு எறிதல் வரை, ஒவ்வொன்றிலும் ஆணுக்கு ஒரு வரி, பெண்ணுக்கு ஒரு வரி. பள்ளியின் மிகச் சிறந்த அளவு எவருடையதோ அவர் பெயர் அங்கே இருக்கும். உங்கள் தோழியின் நேரத்தை இதுவரை ஒருவரும் முந்தவில்லையென்றால், அவரைச் சேர்க்கக் குழுவின் தயவு எதற்கு?

எங்கள் பள்ளியில் நீளம் தாண்டும் குழிக்குப் பாலாற்று மணல்தான். எங்கள் பி.டி. ஆசிரியர் அதை மண்வெட்டியால் தானே கிளறிச் சமன்செய்வார். நுனி துருப்பிடித்த நாடாவை இழுத்துப் பிடித்து அளந்து, சட்டைப் பையில் இருக்கும் சிறு நோட்டில் அங்கேயே குறிப்பார். தோற்றவனின் தூரத்தையும் எழுதுவார். என் பெயருக்கு எதிரே அவர் எழுதிய எண்ணைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட பெருமிதம், பிற்பாடு வாங்கிய சான்றிதழ்களில் கிடைத்ததில்லை.

உங்கள் பி.டி. ஆசிரியரும் அப்படியொரு நோட்டு வைத்திருக்கக்கூடும். ஓய்வு பெற்றிருந்தால் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் இதைச் செய்துவிடுங்கள். அன்று காலை, மேடை நிகழ்ச்சிக்கு முன்பு, இப்போது படிக்கும் மாணவிகளுக்கு ஒரு 800 மீட்டர் ஓட்டம் வைத்து, ஸ்டாப்வாட்சை உங்கள் தோழியின் கையில் கொடுங்கள்.

நோட்டு கிடைத்தால் அவருடைய நேரத்தை எனக்கும் எழுதுங்கள். அறிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.