ஜான் மியூர் டிரெயில்: கிலோமீட்டரை விடுங்கள், முதலில் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள்

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "மூன்று வாரம் விடுப்பு இருக்கிறது. சியரா நெவாடா மலைத்தொடரில் செல்லும் ஜான் மியூர் டிரெயில் என்ற நெடும்பாதையில், யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள டுவாலமி மெடோஸில் தொடங்கி, தெற்கே கியர்சார்ஜ் கணவாய் வழியாக வெளியேற ஆசை. இதுவரை இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள்தான் போயிருக்கிறேன். சுத்த சைவம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்வது?"

நல்ல பகுதியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பாதையின் தெற்கு முனையான விட்னி சிகரத்தை இன்னொரு முறைக்கு வைத்துக்கொண்டதும் சரி. ஆனால் இந்தப் பாதையில் தினசரி தூரத்தை முடிவு செய்வது உங்கள் கால் அல்ல, கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத கெட்டியான உணவுப் பெட்டி. உணவு, பற்பசை, சோப்பு என்று வாசனை உள்ள எல்லாமே இரவில் அதற்குள் இருக்க வேண்டும். பெரிய டப்பாவின் கொள்ளளவு 11.5 லிட்டர், நன்றாக அடுக்கினால் ஏழு நாள் உணவு பிடிக்கும்.

உணவை நிரப்பிக்கொள்ளும் இடங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் வழி மூன்று துண்டாகப் பிரிகிறது. டுவாலமியிலிருந்து ரெட்ஸ் மெடோவுக்கு 57 கி.மீ. போல வரும், நான்கு நாள். அங்கிருந்து மியூர் டிரெயில் ரேஞ்சுக்கு ஏறக்குறைய 80 கி.மீ., ஐந்து நாள். இவை இரண்டும் சிரமமில்லை. மூன்றாவதுதான் சோதனை: ரேஞ்சிலிருந்து, கியர்சார்ஜ் கணவாய் தாண்டி நீங்கள் சாலையை அடையும் ஆனியன் வேலி வரை சுமார் 130 கி.மீ. நடுவில் கடை கிடையாது. மியூர், மேத்தர், பின்சோ, கிளென், கியர்சார்ஜ் என்று ஐந்து கணவாய்கள், ஐந்தும் 3,500 மீட்டருக்கு மேல். எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை, பகல் உணவை டப்பாவுக்கு வெளியே வைத்துச் சாப்பிட்டுவிட்டால், கடைசி நாள் இரவு உணவும் தேவைப்படாது என்பதால், எட்டு நாளும் அடங்கிவிடும்.

ரேஞ்சுக்கு உணவை பிளாஸ்டிக் வாளியில் கட்டி மூன்று வாரத்துக்கு முன்பே தபாலில் அனுப்ப வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ரெட்ஸ் மெடோ கடை அந்தப் பருவத்தில் எப்போது திறக்கிறது என்பதையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

இனி சைவச் சமையல். 3,300 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, அரிசிக்கும் எரிவாயு வீணாகும். அவல் சுடுதண்ணீரிலேயே ஊறிவிடும், அதுதான் உங்கள் தோழன். வறுத்த ரவை, பருப்புப் பொடி, நெய், கடலை மிட்டாய், முந்திரி எடுத்துக்கொள்ளுங்கள். பொரி வேண்டாம். எடை இல்லைதான், ஆனால் டப்பாவில் இடம் முழுக்க அதுவே பிடித்துக்கொள்ளும். நாளுக்கு 800 கிராம் உலர் உணவு என்று தொடங்குங்கள். நெய்யும் கொட்டைகளும் கூடக்கூட அதே எடையில் கலோரி கூடும்.

காட்டில் இரவு தங்குவதற்கான பர்மிட்டுக்கு, டுவாலமியிலிருந்து தெற்கே போகும் லைல் கேன்யன் வழியைக் கேளுங்கள். யோசெமிட்டியில் 60 சதவீத இடங்கள் 24 வாரத்துக்கு முன் குலுக்கலில் போகும், மீதி 40 சதவீதம் ஏழு நாளைக்கு முன் திறக்கும். இடையில் முறியாத பயணமாக இருந்தால் அந்த ஒரே பர்மிட் கடைசி வரை செல்லும்.

தேதி ஜூலை கடைசியோ ஆகஸ்டோ இருக்கட்டும். 2023 போலப் பனி அதிகம் பெய்த ஆண்டில் ஜூலையிலும் ஓடைகள் சீறும். அப்போது எவல்யூஷன் க்ரீக், பேர் க்ரீக் போன்றவற்றை விடியற்காலையில் கடப்பதுதான் பாதுகாப்பு. பகலில் பனி உருகி நீர் ஏறும். கணவாய்களை நண்பகலுக்குள் தாண்டிவிடுங்கள், பிற்பகலில் இடி மின்னல் வரும். கிளம்புமுன் டுவாலமியில் ஓர் இரவு தங்கினால் 2,600 மீட்டர் உயரம் உடம்புக்குப் பழகும்.

அப்புறம், முன்பின் தெரியாத நீண்ட துண்டில் பாதியில் வெளியேறும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது துண்டில் வரும் லெ கான்டே பள்ளத்தாக்கிலிருந்து பிஷப் கணவாய் ஏறினால் சுமார் 20 கி.மீ.யில் சௌத் லேக் சாலை. வரைபடத்தில் குறித்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். பாதையில் பெரும்பாலும் செல்போன் எடுக்காது, செயற்கைக்கோள் மெசஞ்சர் அவசியம். ஆனியன் வேலிக்குப் பொதுப் பேருந்து இல்லை. வண்டியை முன்பே பேசி வைத்து, ஒரு நாள் தள்ளிப்போனாலும் காத்திருப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.