கேட்டால் விசுவாசக் குறைவா?

கேள்வி: விவிலியம் முழுவதையும் ஓராண்டில் முடிக்க, தினம் நான்கு அதிகாரம் படிக்கிறேன். லேவியர் நூல் பாதிக்குமேல் புரியவில்லை. 1 சாமுவேல் 15இல், பால்குடிக்கும் பிள்ளைகளையும் கொல்லும்படி கடவுளே இஸ்ரயேல் அரசர் சவுலுக்குக் கட்டளையிடுவதாக வருகிறது. அன்றிரவு தூக்கமே இல்லை. அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுவது) கேட்டால், "விசுவாசம் இருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றாது" என்று வாயை அடைத்துவிட்டார்கள். (கணவர் விசைப்படகில் போகிறவர்.)
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தால்தான் சகோதரி, நான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்களை அடக்கியவர்கள் யோபு நூலைக் கடைசி அதிகாரம்வரை படிக்கட்டும். கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய யோபுவின் நண்பர்கள்மேல்தான் அங்கே அவருக்குக் கோபம் வருகிறது. அவரோடு நேருக்கு நேர் வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினார் என்று அவரே சொல்கிறார்.

சவுல் பகுதியை நியாயப்படுத்த நீங்கள் சிரமப்பட வேண்டாம். பழைய ஏற்பாட்டில் நிறைவற்றவையும் அந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல், இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் சொல்லியிருக்கிறது. போர்க் கொலையைத் தெய்வத்தின் ஆணையாக எழுதுவது அன்றைய அரசர்களின் வழக்கம். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் இஸ்ரயேலின் பக்கத்து நாடான மோவாபின் அரசன் மேசா வெட்டிவைத்த கல்வெட்டிலும், தன் தெய்வம் கெமோசு போகச் சொன்னதாகவும், நெபோ ஊரில் ஆண், பெண் எல்லோரையும் கொன்றதாகவும் இருக்கிறது. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவை முன்னால் வைத்தே நான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன்.

உங்கள்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. தினம் நான்கு அதிகாரம் என்ற கணக்கை விடுங்கள். 73 நூல்களின் தொகுப்பு அது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக முடிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. லேவியரின் பலிமுறைகள் பிறகு ஆகட்டும். லூக்கா 5ஐ எடுங்கள். இரவெல்லாம் கிடந்தும் மீன்பாடு இல்லாமல் கரையேறி, வலை அலசிக்கொண்டிருக்கும் ஆளிடம் இயேசு "திரும்ப ஆழத்துக்குப் போ" என்றால் அவன் மனம் என்ன பாடுபடும்? டீசல் கடன் தெரிந்த உங்கள் வீட்டுக்கு அது விளங்கும் அளவுக்குப் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு விளங்காது. உங்கள் கணவரிடம் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தனியே கிடந்து மருகவும் வேண்டாம். தேரில் எசாயா நூலை வாசித்துவந்த எத்தியோப்பிய அதிகாரியிடம் புரிகிறதா என்று, நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு கேட்டபோது, யாராவது விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று அவர் கூசாமல் சொன்னார் (திருத்தூதர் பணிகள் 8). அடுத்த அன்பியக் கூட்டத்துக்குப் பங்குத்தந்தையையும் அழையுங்கள். இதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.