கயிற்றை வேகமாக ஆட்டினால் அலை வேகமாகப் போகுமா?

போகாது. விடிந்தால் தேர்வு என்று இந்த நேரத்தில் கேட்கிறீர்கள் போல. இதே விஷயத்தில் வகுப்பு முழுக்கச் சிரிக்க நின்றவன் நான்.

பதினொன்றாம் வகுப்பு. ஜன்னல் கம்பியில் நீளமான கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு சிவப்பு ரிப்பனையும் முடிந்துவிட்டு, "யாருடைய அலை சீக்கிரம் கம்பியைத் தொடுகிறது, பார்ப்போம்" என்றார் ஆசிரியர். நான் கைப்பந்து அணியில் இருந்தவன். தோள் கழன்றுவிடும் அளவுக்கு உதறினேன். மேடு பெரிதாகத்தான் எழுந்தது, ஆனால் ஆடி அசைந்து போனது. அடுத்து வந்த ஒல்லிப் பையன் இரண்டடி பின்னால் நகர்ந்து, கயிற்றைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, மணிக்கட்டை லேசாகச் சுண்டினான். கண் சிமிட்டுவதற்குள் கம்பியில் மோதி, மேடாகப் போனது பள்ளமாகத் திரும்பி வந்தது. கட்டிய முனையில் பட்டால் அப்படித்தான் தலைகீழாகும். ரிப்பன் மட்டும் இருந்த இடத்திலேயே மேலும் கீழும் குதித்தது. போனது ஆற்றல்தான், கயிறு இல்லை.

"அவன் பின்னால் நகர்ந்தான், செல்லாது" என்று சண்டை போட்டேன். "அதுதான்டா விடை" என்றார். இன்றுவரை அது அழுகுணி ஆட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேகத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் இழுவிசையும் (அதாவது எவ்வளவு இறுக்கி இழுத்திருக்கிறோம் என்பது), ஒரு மீட்டருக்கு அது எவ்வளவு எடை என்பதும்தான். ஒரு மீட்டர் 100 கிராம், இழுவிசை 10 நியூட்டன் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். இழுவிசையை நாலு மடங்காக்கினால்தான் வேகம் இரண்டு மடங்காகும். நீங்கள் வினாடிக்கு 2 தடவை ஆட்டினால் அலைநீளம், அதாவது ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை உள்ள தூரம், 5 மீட்டர். 4 தடவை ஆட்டினால் 2.5 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், அதே 10. தொண்டை கிழியக் கத்தினாலும் ஒலி முன்கூட்டிப் போய்ச் சேராது; 20 டிகிரி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், அவ்வளவுதான்.

'ரொம்பப் பெரிதாக ஆட்டினால் இழுவிசையே மாறுமே' என்று கருத்துப் பெட்டிக்கு வரப்போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. சின்ன அலைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த வருடத் தேர்வில் இதே கேள்வி வந்தது. இவ்வளவையும் எழுதினேன். ஐந்துக்கு மூன்று. சமன்பாட்டுக்கு அடிக்கோடு இல்லையாம். போட்டிருந்தேன், அளவுகோல் வைத்து. பென்சிலில் போட்டது கணக்கில் வராதாம்.