அண்ணனிடம் பங்கு கேட்க எந்த வக்கீலிடம் போவது?

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அவர் வாங்கிய நிலத்தில் பங்கு தர அண்ணன் மறுக்கிறார், நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது, இணையத்தில் வரும் ‘சிறந்த பத்து வக்கீல்கள்’ பட்டியலை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வழக்கில் நான் உங்கள் அண்ணனைப்போலப் பங்கு தர மறுத்த பக்கம் இருந்தவன். என் அப்பாமீதும் சித்தப்பாமீதும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டவர் என் அத்தை. சரியான வக்கீலைப் பிடித்தது அவர்தான். நாங்கள் தவறான ஆளிடம் போய் மாட்டிக்கொண்டோம். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர் எங்களுடையது. அத்தை போன வக்கீலுக்குக் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதைக் கேட்டு அப்பா சிரித்தார். ‘நம்ம ஆள் யார் தெரியுமா?’ என்றார். நம்ம ஆள் மாவட்டத் தலைநகரில் கொலை வழக்குகளில் பெயர் வாங்கியவர். அவர் அலுவலகத்தில் உட்கார இடம் இருக்காது. நாங்கள் போனபோது ஒரு பத்திரத்தைக்கூடக் கேட்கவில்லை. ‘கவலைப்படாதீர்கள், பத்து வருஷம் இழுத்துவிடலாம்’ என்றார். அப்பாவுக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. எங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, அவர் கேட்ட பீஸையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

சம்மன் கிடைத்து 30 நாளில் எதிருரை, அதாவது வழக்குக்கு எங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும் என்பதும், நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள்வரை போகலாம் என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது. வாய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஜூனியர் வருவார், அல்லது யாருமே வரமாட்டார்கள். எதிருரை போகவேயில்லை. எங்கள் தரப்பைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாக, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை ஆகி ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, நிலத்தை அளந்து பிரிக்க வருகிறேன் என்று, நீதிமன்றம் நியமித்த வக்கீல் ஆணையரின் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோதுதான் அப்பாவுக்கு விஷயமே தெரியும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அந்தப் பெரிய வக்கீலைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஜாமீன் கேட்டு நிற்பதில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். எங்கள் தாலுகா கோர்ட் அவர் நடமாடும் இடம் இல்லை. கோளாறு அங்கேதான். நில வழக்கை நிலம் இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். முன்சீப் கோர்ட்டா சப்கோர்ட்டா என்பது மதிப்பைப் பொறுத்தது. நீங்கள் சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும், அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கும் சிவில் வக்கீல்தான் உங்களுக்கு வேண்டும். அங்குள்ள குமாஸ்தாக்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வக்கீலைத் தேடியபோது எந்தச் சொந்தக்காரரிடமும் கேட்கவில்லை. காலை 10.30 மணிக்குக் கோர்ட்டில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சிவில் விசாரணையைப் பொதுமக்கள் யாரும் உட்கார்ந்து பார்க்கலாம், தடை இல்லை. இரண்டு நாள் பார்த்தாலே போதும், யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா வாங்குவதற்கென்றே வருகிறார் என்று தெரிந்துவிடும். ஒரு பெண் வக்கீலிடம் நீதிபதி ஏதோ தேதி கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை; கட்டைப் பிரித்து ஆவண எண்ணைச் சொல்லி அந்தப் பக்கத்தையே நீட்டினார். மாலையில் அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

அவர் முதலில் கேட்டது மூலப்பத்திரம். இரண்டாவதாக, நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று. மூன்றாவது கேள்வியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: ‘அந்த நிலத்திலிருந்து உங்கள் அத்தைக்கு நெல் ஏதாவது போய்க்கொண்டிருந்ததா?’ எனக்கு அது வீட்டு வம்பு விசாரிப்பதுபோல் இருந்தது. பிறகு விளக்கினார். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவில், வழக்குப் போடுகிறவர், நெல்லில் பங்கு வாங்குவதுபோல, கூட்டு அனுபவத்தில் இருந்தால் ஒரு கட்டணம், வெளியே தள்ளப்பட்டிருந்தால் பங்கின் சந்தை மதிப்பின்மேல் வேறு கட்டணம். அந்த நெல் மூட்டையில் ஆயிரங்களும் லட்சங்களும் தொங்குகின்றன. உங்கள் வக்கீலும் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு அவர் சொன்னது: ‘உங்கள் தாத்தா சொந்தமாக வாங்கிய நிலம், உயில் இல்லை, பாட்டி முன்பே இறந்துவிட்டார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த 2005 திருத்தம்வரை போகவே வேண்டாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு, தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம், போடுகிறேன். ஆனால் பங்கே இல்லை என்று என்னால் வாதாட முடியாது. எந்தப் பக்கத்து நிலம் யாருக்கு என்று பேசினால் உங்களுக்கு நல்லது.’ அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். காசு கொடுத்து வைத்த வக்கீலே எதிராகப் பேசுகிறாரே என்று அவருக்குக் கோபம். எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. கடைசியில் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகப் பேசி, போர்செட் இருக்கும் பக்கம் எங்களுக்கும் ரோட்டோரப் பக்கம் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் என்று முடிந்தது. தோற்றோம் என்று அப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிப்பதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. வக்கீல்களைப் பட்டியலிட்டு நட்சத்திரம் போடும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த நட்சத்திரங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெரிந்த முன்சீப் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேசிவிடலாம் என்கிற ஆள் வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

பீஸைத் தாக்கல், சாட்சி விசாரணை, வாதம் என்று கட்டம் கட்டமாகப் பேசிக்கொள்ளுங்கள். மொத்தமாக முன்பணம் வேண்டாம். கிடைக்கும் நிலத்தில் இத்தனை சதவீதம் என்று யாராவது கேட்டால், அது விதிக்கே விரோதம். அசல் பத்திரங்களை முதல் நாளே கொடுக்காதீர்கள், நகல் போதும். கோர்ட்டில் தாக்கல் செய்ய அசலைக் கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வழக்குப் பதிவானதும், எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண், அதாவது வழக்கின் அடையாள எண், ஒன்று கிடைக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று போனிலேயே தெரியும். எங்களில் ஒருவர் மாதம் ஒருமுறை அதைப் பார்த்திருந்தால் அந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்டிருக்கலாம்.

வக்கீலை மாற்ற வேண்டி வந்தால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்க வேண்டும். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் பெரிய வக்கீலின் குமாஸ்தாவிடம் இதைச் சொன்ன மறுநாள் கட்டு கைக்கு வந்தது. ஆனால் அவர்மேல் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. பார் கவுன்சிலில்தான் புகார் செய்யலாம், அதற்கும் பொறுமை வேண்டும்.

பணம் இல்லையே என்று தயங்கினால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள். அங்கிருந்து வரும் வக்கீலையும் மேலே சொன்ன கேள்விகளைக் கொண்டே எடை போடுங்கள்.

பத்திரம் அண்ணனிடம் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். அதில் பத்திர எண் கிடைத்துவிட்டால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணன் ஏற்கனவே யாருக்காவது எழுதிக்கொடுத்துவிட்டாரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இவற்றை வாங்கிக்கொண்டு, அப்பாவின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு வக்கீலிடம் போங்கள். அந்த ஜெராக்ஸ் கடை மாடிக்கு என் அத்தை அப்படித்தான் போனாராம், மஞ்சள் பையோடு.