கத்திரி வைப்பதற்கு முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய துணியைப் பற்றியே இருந்தன. ஒன்று விடாமல் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, செகண்ட் ஹேண்டில் கிடைத்த கெட்டியான காட்டன் ஜன்னல் திரையில் ஆசையாக ஒரு நீளப் பாவாடை தைத்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது முறை உடுத்தி உட்கார்ந்தபோது இடுப்புக்குக் கீழே தையலை ஒட்டியே கிழிந்துவிட்டது. குறை என் தையலிலா, துணியிலா?

பதில்: துணியில்தான். அதுவும் துணி முழுக்க இருக்காது.

ஜன்னல் திரை வருஷக்கணக்காக வெயில் வாங்கிய துணி. வெயில் சாயத்தை வெளுப்பதோடு விடுவதில்லை, இழையையே மக்க வைத்துவிடும். திரை மடிப்பு மடிப்பாகத் தொங்குவதால் கண்ணாடிப் பக்கம் துருத்திக்கொண்டிருந்த இடங்கள் மட்டும் நீளவாட்டில் பட்டை பட்டையாக நைந்திருக்கும். உள்ளே ஒதுங்கிய பகுதி நல்ல பலத்தோடு இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். துவைத்துத் தேய்த்துவிட்டால் சுத்தமாக வித்தியாசம் தெரியாது.

கையில் எடுத்ததும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் அடுத்தடுத்து வைத்துத் துணியை இறுக்கிப் பிடித்து, விரல்களை எதிரெதிர்ப் பக்கம் அழுத்தி இழுங்கள். நல்ல துணி திமிறி நிற்கும். மக்கிய துணி அதிகச் சத்தமில்லாமல் ஈரக் காகிதம் போலப் பிரிந்து வரும். நீளவாட்டில் ஒரு முறை, குறுக்குவாட்டில் ஒரு முறை இழுக்க வேண்டும். ஒரு வாட்டில் கெட்டியாக இருந்துகொண்டு மறு வாட்டில் விட்டுப்போகிற துணி நிறைய உண்டு. ஒரு ஜாணுக்கு ஒரு இடமாகப் பார்த்துக்கொண்டே போய், சந்தேகமான இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். திரையின் அடிமடிப்பையும் மேல் தலைப்பையும் பிரித்துப் பார்க்க மறக்காதீர்கள். மடிந்து கிடந்ததால் பெரும்பாலும் அங்கேதான் நல்ல துணி கிடைக்கும்.

பிறகுதான் டிசைன். இடுப்புப் பட்டி, பாவாடையின் மேல்பாகம், கைக்குழி, முதுகு ஆகிய இழுபடும் இடங்களுக்குக் குறி விழாத துணி. நைந்த பாகம் ஃப்ரில்லுக்கும் கீழ் விரிவுக்கும் போகட்டும். இழுபடாத இடத்தில் அதுவும் நிறைய நாள் உழைக்கும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வையுங்கள். பொடித் தையல் போட்டால் ஊசி வரிசையாக ஓட்டை குத்திக்கொண்டே போகும். அந்த வரிசையிலேயே துணி கிழியும்.

கிழிந்த பாவாடையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடுப்பிலிருந்து ஏழெட்டு அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு வேறொரு கெட்டித் துணியில் யோக், அதாவது இடுப்பைச் சுற்றி வரும் தனித் துண்டு, வைத்துத் தையுங்கள். பூப்போட்ட துணிக்கு மேல் ஒற்றை நிற யோக் எடுப்பாகவே இருக்கும்.

கேள்வி: வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டைகள் நாலைந்து காலர் நைந்து கிடக்கின்றன. நான்கு வயது மகளுக்கு ஃப்ராக் தைக்க முடியுமா? காஜா எடுக்க எனக்கு வராது.

பதில்: காஜாவே எடுக்க வேண்டாம். சட்டையின் பட்டன் பட்டியை அப்படியே ஃப்ராக்கின் முதுகுப் பக்கமாக வைத்து வெட்டுங்கள். காஜா, பட்டன், உள்மடிப்பு எல்லாம் சட்டையைத் தைத்தவர் ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார். சட்டை முதுகு ஃப்ராக்கின் முன்பக்கம் ஆகட்டும். அங்கே தையல் குறுக்கிடாத பெரிய துண்டு கிடைக்கும். பாவாடையின் அடிவிளிம்பு சட்டையின் அடிமடிப்பில் வருமாறு வைத்தால் மடித்தடிக்கிற வேலையும் மிச்சம். முழுக்கையின் கீழ்ப்பாதி குட்டிக் கைகளுக்குப் போதும்.

பிரிக்கிற வேலையில் பொறுமை வேண்டும். தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பிரித்தால் துணியும் சேர்ந்து போகும். ஒரு பக்கத்தில் மட்டும் நாலு தையலுக்கு ஒன்றாக ரிப்பரால் (தையல் பிரிக்கிற சிறு கருவி) நூலை அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு துணியைத் திருப்பி மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் முழு நீளத்துக்கும் ஒரே இழையாக உருவிக்கொண்டு வரும். எனக்குத் தையல் வேலையிலேயே மிகப் பிடித்த நிமிடம் அது. துணியில் ஒரு கீறல் இருக்காது. பிரித்த இடத்தில் ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் ஊசித்துளைகளும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

காலர் மட்டும்தான் நைந்தது, சட்டை நன்றாக இருக்கிறது என்றால் ஃப்ராக்குக்கு அவசரப்பட வேண்டாம். காலரைப் பிரித்து, திருப்பி, மீண்டும் அதே இடத்தில் வைத்துத் தையுங்கள். நைந்த பக்கம் மடிப்புக்கு அடியில் போய்விடும். சட்டை இன்னும் சில காலம் ஓடும்.

கேள்வி: கையில் கிடைத்தது காட்டனா பாலியஸ்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஓரத்தில் நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காட்டன் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பட்டும் கம்பளியும் தலைமுடி கருகும் வாடை வீசும். எரிந்த நுனியில் திரளும் கரிமணியைத் தொட்டால் நொறுங்கும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி உருண்டையாகும். கலப்புத் துணியில் இரண்டு குணமும் சேர்ந்து வரும்.

சாயம் போகுமா என்பதையும் அன்றைக்கே பாருங்கள். நனைத்த வெள்ளைத் துணியால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்தால் போதும். பழைய துணியோடு புதுத் துணியைச் சேர்ப்பதானால் புதியதை முதலில் துவைத்து, சுருங்கிய பிறகே வெட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு அரசன் அங்கி, இரண்டு வனதேவதைகள் உடை தேவை. கையில் காசு கிடையாது. பழைய வெல்வெட் திரைகள், படுக்கை விரிப்புகள், கொஞ்சம் டி-ஷர்ட்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இருப்பதே தாராளம். நீங்கள் சொன்ன துணியில் நான் என்றால் அரசனைக் கடைசியில்தான் தொடுவேன். ஆனால் எல்லாரும் அவரைத்தான் முதலில் கேட்பார்கள், அதனால் அவரிடமே வருகிறேன்.

வெல்வெட்டைக் கையால் வருடிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் முரண்டும். துணியின் மேலுள்ள பொடி முடி மேல்நோக்கி நிற்கும்படி வைத்து வெட்டினால் நிறம் ஆழமாக விழும், கீழ்நோக்கி வைத்தால் வெளிறிப் பளபளக்கும். ஒரு துண்டு மேலாக, ஒரு துண்டு கீழாக வெட்டிவிட்டால் மேடை விளக்கில் அரசன் இரண்டு நிறத் துணி உடுத்தியவர் ஆகிவிடுவார். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் அம்புக்குறி போட்டுவிட்டு வெட்டுங்கள். முழு அங்கியையும் வெல்வெட்டில் தைத்தால் பாரம் தாங்காது. முன்பக்கம், தோள், கைவிளிம்பு மட்டும் வெல்வெட்டாக இருக்கட்டும். முதுகையும் உள்பக்கத்தையும் விரிப்பில் தைத்துவிடலாம்.

வனதேவதைக்கு டி-ஷர்ட்தான் பொக்கிஷம். பின்னல் துணி பிசிறாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. அக்குளுக்குக் கீழே உள்ள பாகத்தைக் குறுக்குவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி இழுத்தால் நாடா ஓரம் சுருண்டு கொடியாகிவிடும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று நாலைந்து நிறங்களைக் கலந்து அடுக்குங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒற்றைப் பச்சை தட்டையாகத் தெரியும், கலந்த பச்சைதான் இலையாகத் தெரியும். நிறம் போதாவிட்டால் சாயம் முக்கலாம். ஆனால் வழக்கமான காட்டன் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. காட்டன் உடையாக இருந்தாலும் அதைத் தைத்த நூல் பாலியஸ்டர் என்றால் தையல் வரிகள் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். எனக்கு அந்தக் கோடுகள் பிடிக்கும். இலை நரம்பு என்று விட்டுவிடுவேன்.

பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி உள்ளே விடுங்கள், அடுத்த நாடகத்தில் வேறொருவர் உடுத்துவார். அவசரமாக உடை மாற்ற வேண்டிய இடத்தில் ஹூக் வேண்டாம், வெல்க்ரோ வையுங்கள். குழந்தைகள் நடித்தால் கழுத்தில் கட்டுக்கயிறு கூடவே கூடாது, இழுத்ததும் விட்டுவிடுகிற வெல்க்ரோதான் அங்கேயும். கதையில் தீபமோ தீப்பந்தமோ வந்தால் உண்மைத் தீ வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காட்டனும் தொங்குகிற நாடாவாக இருந்தால் சட்டென்று பற்றும்.

கேள்வி: அம்மாவின் பட்டுச்சேலை மடிப்புகளில் விட்டுப்போகிறது. மகளுக்கு ஒரு கவுன் தைக்கலாமா? வெட்ட மனசு வரவில்லை.

பதில்: மடிப்பில் மட்டும்தான் விடுகிறது என்றால் நடுவில் நல்ல துணி நிறைய இருக்கும். மடிப்புக் கோடுகளைத் தவிர்த்து, இடையிலுள்ள பாகங்களை எடுங்கள். மெல்லிய காட்டன் லைனிங்கைப் பட்டைவிட அரை அங்குலம் சின்னதாக வெட்டித் தைத்தால் உடம்பின் இழுப்பு லைனிங்கோடு நின்றுவிடும், பட்டுக்கு வேலை இருக்காது. உடலை ஒட்டித் தைக்காதீர்கள். 9 அல்லது 11 நம்பர் புது ஊசி போடுங்கள், குண்டூசியைத் தையலுக்குள் விழும் இடத்தில் மட்டும் குத்துங்கள். கரையைத் தனியாகப் பிரித்து, கவுன் சிறிதானதும் வேறொரு உடைக்கு மாற்றுகிற மாதிரிக் கைத்தையலில் பிடித்துவையுங்கள்.

நடுத்துணியும் விரல் சோதனையில் விட்டால் கத்திரி வைக்காதீர்கள். அம்மா இருந்தால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: பிறர் உடுத்திய துணியைத் தைத்துப் போடுவது கௌரவக் குறைவு என்கிறார் மாமியார்.

பதில்: பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. அப்போது பாராசூட் துணியில் கல்யாண கவுன் தைத்து உடுத்தியிருக்கிறார்கள். ஜப்பானில் ஏழை விவசாயக் குடும்பங்கள் ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்த 'போரோ' துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வங்காளத்தின் காந்தா தையல் நைந்த சேலைகளை அடுக்கித் தைத்ததிலிருந்து வளர்ந்தது. இதையெல்லாம் அத்தையிடம் சொல்லுங்கள். கூடவே, சுடுதண்ணீரில் நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த துணியில் அவருக்கே ஒரு தலையணை உறை தைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஜீன்ஸ் துண்டுகளைச் சேர்த்து ஜாக்கெட் தைக்கிறேன். தையல் சந்திக்கும் இடத்தில் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது.

பதில்: 16 நம்பர் ஜீன்ஸ் ஊசிக்கு மாறுங்கள். சந்திப்பில் உள்பக்கத் துணிகளைப் படிப்படியாகக் குறைத்து வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். மேடு ஏறும்போது ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம், பின்பக்கம் சாயும். அதே கனத்துக்கு மடித்த ஜீன்ஸ் துண்டு ஒன்றை ஃபுட்டின் பின்னால் அடியில் கொடுத்துச் சமமாக்கிவிட்டு, அந்த ஓரங்குலத்தை மட்டும் கைச்சக்கரத்தைச் சுற்றி மெதுவாகத் தையுங்கள். இழுபடுகிற ஜீன்ஸையும் இழுபடாததையும் ஒரே வரிசையில் சேர்க்க வேண்டாம்.